சார்லி ஹேடன் – எக்பெர்டோ ஜிஸ்மொன்ட்டி, ‘இன் மொன்ட்ரியல்’: கேட்டவர்கள் வாருங்கள், பேசுவோம்

அடித்தந்தி

இந்தக் குழுவில் ஜாஸ் பேச்சு எடுத்தால் சாக்ஸபோனிலும் டிரம்பெட்டிலும் போய் நின்றுவிடுகிறது. டபுள் பேஸுக்கென்று (நின்றபடி வாசிக்கும் பெரிய கீழ்ஸ்தாயித் தந்திக் கருவி) ஓர் இழை இருக்கட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பதிவு. சார்லி ஹேடனும் எக்பெர்டோ ஜிஸ்மொன்ட்டியும் 1989 ஜூலை 6 அன்று கனடாவின் மொன்ட்ரியல் ஜாஸ் விழாவில் சேர்ந்து வாசித்த கச்சேரி. ஈசிஎம் என்ற இசைப்பதிவு நிறுவனம் அதை 2001இல்தான் ‘இன் மொன்ட்ரியல்’ என்ற பெயரில் வெளியிட்டது. மேடையில் இரண்டே பேர். ஹேடன் கையில் டபுள் பேஸ். ஜிஸ்மொன்ட்டி சில உருப்படிகளுக்குக் கிடார் எடுக்கிறார், சிலவற்றுக்குப் பியானோவில் உட்காருகிறார். டிரம்ஸ் கிடையாது, ஊதும் கருவி எதுவும் கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜிஸ்மொன்ட்டி 1947இல் ரியோ டி ஜனேரோ மாநிலத்தின் கார்மோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா லெபனானிலிருந்தும் அம்மா சிசிலியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே முறையாகப் பியானோ கற்று, பிறகு பாரிஸ் போய் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் படித்தார். கிடாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஆறு தந்தி போதாமல் எட்டு, பத்துத் தந்திக் கிடார்களுக்குப் போனவர்.

ஹேடன் 1937இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். குடும்பமே வானொலியில் கன்ட்ரி பாட்டுப் பாடிய குடும்பம். 2 வயது ஆகும் முன்பே மைக் முன்னால் பாடத் தொடங்கிய பிள்ளை. 15 வயதில் போலியோ தொண்டையைத் தாக்கியது, பாட்டு நின்றுபோனது. அப்புறம்தான் பேஸ் அவருடைய வாழ்க்கை ஆனது. 1959இல் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் குழுவில் அவர் வாசித்த வாசிப்பு ஜாஸின் போக்கையே மாற்றியது.

நான் சொல்ல வருவது இதுதான். பிரேசில் இசையோடு சேரும் அமெரிக்க ஜாஸ்காரர்களில் பலர், பிரேசில் தாளத்தைத் தாங்களும் அப்படியே வாசித்துவிட ஆசைப்படுவார்கள். ஹேடன் இங்கே அதைச் செய்யவே இல்லை. ஜிஸ்மொன்ட்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, இவர் அயோவாக்காரராகவே நின்று, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் கனத்தோடு வைக்கிறார். அந்த உறுதியால்தான் இந்தப் பதிவு இத்தனை வருடம் கழித்தும் புதிதாக ஒலிக்கிறது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கிடார்தம்பி

நல்ல இழை அண்ணா. எனக்கு ஒரு சந்தேகம். பத்துத் தந்திக் கிடாரில் கீழ்ஸ்தாயிக்கென்றே கூடுதல் தந்திகள் இருக்கின்றன. ஜிஸ்மொன்ட்டி தனியாக வாசித்தாலே பேஸும் சேர்ந்துதான் கேட்கிறது. அப்படி இருக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் டபுள் பேஸோடு நின்று என்ன செய்ய முடியும்? இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிப் போகாதா?

அடித்தந்தி

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. பிரேசில் கிடாரில் கட்டைவிரல்தான் பேஸ் வாசிப்பவர். சாம்பாவானாலும், ஷோரோ என்ற பழைய வாத்திய இசையானாலும் அதுதான் வழக்கம். ஷோரோவில் இதற்கென்றே ஏழு தந்திக் கிடார் இருக்கிறது. மேலே புல்லாங்குழலோ மாண்டலினோ பாட்டை எடுத்துப் போகும்போது, ஏழு தந்திக்காரர் அடியில் இன்னொரு பாட்டையே ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த அடி ஓட்டத்தை பைஷாரியா என்பார்கள். டினோ என்ற பெரிய கலைஞர் இந்தக் கலையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார்.

ஆக, பிரேசில் கிடாரோடு சேரும் பேஸ்காரருக்கு அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார். ஹேடன் அந்த ஆளோடு போட்டி போடவில்லை. ‘சல்வடோர்’ கேளுங்கள். கிடார் அடித்தந்திகளில் பொழிந்துகொண்டிருக்கும்போது ஹேடன் மிகக் குறைவாக வாசிக்கிறார். ஒரு ஸ்வரத்தைத் தட்டி, அது கரைந்து முடியும்வரை காத்திருக்கிறார். கிடாரின் அடி ஓசை துள்ளுகிறது, பேஸின் அடி ஓசை தரையாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஸ்தாயியில் இருந்தாலும் செய்கிற வேலை வேறு என்பதால் கலங்குவதில்லை.

இன்னொன்று, தந்தி. ஹேடன் மேல் தந்திகளுக்குக் குடல் தந்தியைத்தான் (விலங்குக் குடலில் திரித்தது) விரும்பினார். உலோகத் தந்தி நீண்டு ரீங்கரிக்கும். குடல் தந்தியில் முதலில் ஒரு ‘தும்’ வரும், பிறகு ஓசை சீக்கிரம் தணியும், மரத்தின் குரல் கூடுதலாகக் கேட்கும். உலோகமும் நைலானும் சேர்ந்து மின்னுகிற ஜிஸ்மொன்ட்டியின் கிடாருக்குப் பக்கத்தில் இந்த மரக்குரல் தனியாகத் தெரிகிறது.

பழைய ரெக்கார்டு

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையில் ஒருவராவது மறுத்துப் பேச வேண்டும். நான் பேசுகிறேன்.

இவர்கள் இருவரும் மொன்ட்ரியலில் முதல்முறை சந்திக்கவில்லை. 1979இலேயே நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கர்பாரெக்கோடு சேர்ந்து மூவராக ‘மாஜிகோ’, ‘ஃபோக் சாங்ஸ்’ என்று இரண்டு பதிவுகள் செய்தார்கள். 1981இல் மியூனிக்கில் மூவரும் வாசித்த கச்சேரி ‘கார்ட்டா டி அமோர்’ என்று 2012இல் வந்தது. மூன்றையும் கேட்டுவிட்டு மொன்ட்ரியலுக்கு வந்தால் எனக்கு ஒரு வெற்றிடம் தெரிகிறது. கர்பாரெக்கின் சாக்ஸபோன் மேலே ஒரு நீண்ட கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஜிஸ்மொன்ட்டி எவ்வளவு சுழன்றாலும் கேட்பவருக்குப் பிடிமானம் இருக்கும். இருவர் மட்டும் ஆனதும் ஜிஸ்மொன்ட்டியே பாட்டு, அவரே பின்னணி, அவரே தாளம். ஹேடன் பல இடங்களில் ஒதுங்கி வழி விடுகிறார். அது பெருந்தன்மைதான், ஆனால் இருவர் கச்சேரிக்கு அது போதுமா?

‘சைலன்ஸ்’, ‘பல்யாசோ’ இரண்டும் ‘மாஜிகோ’விலும் உண்டு, மொன்ட்ரியலிலும் உண்டு. அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். நான் சொல்வது புரியும்.

அடித்தந்தி

பழைய ரெக்கார்டு சார், ‘பல்யாசோ’ விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். மூவர் வாசித்ததில் கர்பாரெக் அந்தப் பாட்டை எடுக்கும் இடத்தைத் தாண்டி யாரும் போக முடியாது.

‘சைலன்ஸ்’ விஷயத்தில் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது ஹேடன் எழுதியது. அதில் பாட்டென்று தனியாக எதுவும் இல்லை, தேவாலயத்தில் கூட்டமாகப் பாடுவதுபோல் சில சுரக்கட்டுகள் (கார்டுகள்) மெதுவாக நகர்ந்து திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றன. அவ்வளவுதான். 1987இல் ரோமில் டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரோடு அவர் பதிவு செய்ததைக் கேட்டிருப்பீர்கள். அங்கே டிரம்பெட் அந்தச் சுற்றின்மேல் ஒரு மனிதக் குரலைப் போல் நிற்கும். மொன்ட்ரியலில் மேலே யாரும் இல்லை. பியானோ சுரக்கட்டை வைக்கிறது, பேஸ் அதன் அடியை வைக்கிறது. கட்டிடம் மட்டும் இருக்கிறது. அந்த உருப்படி என்ன என்று எனக்குப் புரிந்தது இந்த வடிவத்தில்தான். நீங்கள் வெற்றிடம் என்கிற அதே இடம் எனக்கு மூச்சு விடும் இடம்.

லயப்பித்தன்

தாளக்காரன் என்ற முறையில் உள்ளே வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசில் தாளம் என்று ஒன்று இல்லை, பல இருக்கின்றன. இந்தக் கச்சேரியின் உருப்படிகளே வெவ்வேறு மண்ணிலிருந்து வந்தவை. ‘ஃப்ரேவோ’வை எடுத்துக்கொள்வோம். அது வடகிழக்கில் பெர்னாம்புகோ மாநிலத்தின் ரெசிஃபே, ஒலிண்டா நகரங்களின் திருவிழா இசை. ராணுவ பேண்டு அணிவகுப்பிலிருந்து வளர்ந்தது. பித்தளைக் கருவிகள் ஒரு பக்கம் கேள்வி கேட்க மறுபக்கம் பதில் சொல்லும், ஸ்னேர் டிரம் விடாமல் பொரிந்துகொண்டிருக்கும், ஆடுகிறவர்கள் கையில் சின்னக் குடையோடு காற்றில் பாய்வார்கள். 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. இதை ஒருவர் பியானோவில், இன்னொருவர் பேஸில், டிரம்ஸே இல்லாமல் வாசிப்பது பெரிய துணிச்சல்.

‘லோரோ’ வேறு வகை. அது பையாவோ என்ற தாளத்தின் மேல் நிற்கிறது. லூயிஸ் கொன்சாகா அக்கார்டியனோடு நாடு முழுக்கக் கொண்டுபோனாரே, அந்தத் தாளம். அடியில் சபும்பா என்ற முரசு, மேலே முக்கோணக் கம்பி. நம் கணக்கில் சொன்னால் எட்டு அட்சரத்தை ‘தகிட தகிட தக’ என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள், அதன் சாரம் பிடிபட்டுவிடும். அந்த ஊர்ப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ஸ்வர வரிசையும் நமக்குப் பழக்கமானது. ஹரிகாம்போஜியில் மத்திமத்தை மட்டும் பிரதி மத்திமம் ஆக்கினால் வருவது, அதாவது நம் வாசஸ்பதியின் ஸ்வரங்கள். கமகம் கிடையாது, ராகமாக நடத்துவதும் கிடையாது, ஸ்வரங்கள் மட்டும் ஒன்று. நான் முதல்முறை வடகிழக்குப் பிரேசில் இசை கேட்டபோது காது உடனே ஒட்டிக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

இப்போது ஹேடனுக்கு வருகிறேன். சாம்பாவில் சுர்து என்ற பெரிய முரசின் கனமான அடி இரண்டாவது தட்டில் விழும். பிரேசில் பேஸ்காரர்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. ஹேடனுக்கு முதல் தட்டுதான் வீடு. எங்கே சுற்றினாலும் முதல் தட்டில் கனமாக வந்து இறங்குகிறார். பையாவோவின் துள்ளலும் அவரிடம் குறைவு. அடித்தந்தி இதைத்தான் உறுதி என்று பாராட்டுகிறார். எனக்கு ‘ஃப்ரேவோ’வில் அது இடிக்கிறது. பியானோ வலது கை முன்னால் பாய்கிறது, பேஸ் பின்னால் இழுக்கிறது. 1981இல் வந்த ‘சன்ஃபோனா’ பதிவில் இதே ‘ஃப்ரேவோ’வை ஜிஸ்மொன்ட்டி தன் பிரேசில் குழுவோடு வாசித்திருக்கிறார். அங்கே சேகா அசும்ப்சாவோ பேஸ், நேனே டிரம்ஸ், மவ்ரோ செனிசே ஊதுகருவி. நால்வரும் ஒரே ஊர்க்காரர்கள் தெருவில் ஓடுவது போல ஓடுகிறார்கள். ‘ஃப்ரேவோ’ அப்படித்தான் இருக்க வேண்டும்.

வாணி

லயப்பித்தன் சார், ‘தகிட தகிட தக’ போட்டுக்கொண்டே ‘லோரோ’ கேட்டேன். முதல் தடவையே பிடித்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் எல்லோரும் பேஸ் பேஸ் என்கிறீர்கள், எனக்குப் பேஸ் சரியாகக் கேட்கவே இல்லை. ஃபோனில்தான் கேட்டேன்.

கிடார்தம்பி

அக்கா, அதில் ஆச்சரியமே இல்லை. டபுள் பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் சுமாருக்கு ஒலிக்கும். ஃபோன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே போகும் திராணி கிடையாது. மேலே உள்ள அனுசுரங்களை (அடி ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஓசைகளை) வைத்து நம் மூளை ஊகித்துக்கொள்கிறது, கனம் மட்டும் வராது. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். இந்தப் பதிவில் பாதிக்கச்சேரி அந்தக் கீழ்ப்பகுதியில்தான் நடக்கிறது.

மொன்ட்ரியல்வாசி

நம் ஊர்ப் பெயர் வந்ததும் ஓடி வந்தேன்! நான் இங்கே குடிவந்தது அந்தக் கச்சேரிக்கு மிகவும் பிந்தி. ஆனால் விழாவுக்குத் தவறாமல் போகிறவள் என்பதால் சூழலைச் சொல்கிறேன்.

1989இல் விழாக்குழு ஹேடனுக்கு ஒரு பெரிய மரியாதை செய்தது. ஒரு கலைஞரை அழைத்து, இரவுக்கு இரவு அவர் விரும்பும் ஆட்களோடு மேடையைக் கொடுப்பது என்று திட்டம். ஹேடன் யார் யாரைக் கூப்பிட்டார் பாருங்கள். ஒரு நாள் டான் செர்ரியும் எட் பிளாக்வெல்லும். ஒரு நாள் ஜோ ஹெண்டர்சன், ஆல் ஃபாஸ்டர். பியானோக்காரர்களில் ஒரு நாள் ஜெரி ஆலன், இன்னொரு நாள் பால் பிளே, இன்னொரு நாள் கியூபாவிலிருந்து இளைஞர் கொன்சாலோ ருபல்காபா, இந்த மூன்றிலும் டிரம்ஸில் பால் மோஷியன். கடைசியில் அவருடைய லிபரேஷன் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ரா முழுக் கூட்டத்தோடு. இவற்றில் பலவும் ‘தி மொன்ட்ரியல் டேப்ஸ்’ என்ற வரிசையில் பிறகு வெளிவந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வரிசையில் டிரம்ஸே இல்லாமல் இருவர் மட்டும் நின்றது இந்த இரவு. சுற்றியுள்ள இரவுகளைக் கேட்டால் ஹேடன் வேகமாகவும் நடக்கத் தெரிந்தவர், முறுக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவர் என்பது விளங்கும். ஜிஸ்மொன்ட்டியோடு அவர் நிதானம் காட்டியது அவராகத் தேர்ந்துகொண்டது.

பழைய ரெக்கார்டு

இது நல்ல வாதம். ஹேடனுக்கு இருவர் அமைப்பின்மேல் பழைய மோகம் உண்டு. 1976இல் ‘குளோஸ்னெஸ்’ என்ற பதிவில் நான்கே உருப்படி, ஒவ்வொன்றும் ஒவ்வொருவரோடு: கீத் ஜாரெட், ஆர்னெட் கோல்மன், ஆலிஸ் கோல்ட்ரேன், பால் மோஷியன். அடுத்து ‘தி கோல்டன் நம்பர்’ அதே பாணியில். பிறகு பியானோ மேதை ஹேங்க் ஜோன்ஸோடு தேவாலயப் பாடல்கள், கிடார் கலைஞர் பேட் மெத்தனியோடு ‘பியாண்ட் தி மிசூரி ஸ்கை’. ஹேடனுக்குக் காது இரைச்சல் நோயும் சத்தம் தாங்காத காதுக் கூச்சமும் இருந்ததால் டிரம்ஸ் பக்கத்தில் நிற்கவே சிரமப்பட்டார், இடையில் கண்ணாடித் தடுப்பு வைத்துக்கொள்வார். டிரம்ஸ் இல்லாத மேடை அவர் காதுக்கும் இதமாக இருந்திருக்கும்.

ஆனாலும் கர்பாரெக் விஷயத்தில் நான் மாறவில்லை.

யாழ்ப்பாணத்துக் காது

வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விசயம் விடுபட்டுப் போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஜிஸ்மொன்ட்டி 1980இல் ‘சிர்கென்சே’ என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். சர்க்கஸ் உலகத்தைச் சுற்றிய பாட்டுகள். பழைய ரெக்கார்டு ஐயா சொன்ன ‘பல்யாசோ’ அதில்தான் இருக்கிறது, கோமாளிக்கான பாட்டு, பிள்ளைகள் சிரிக்கும் சத்தமும் சேர்ந்து கேட்கும். அதே தட்டில் ‘செகோ அடெரால்டோ’ என்ற உருப்படியில் வயலின் வாசிப்பவர் எல். ஷங்கர். ஆம், கிடார் கலைஞர் ஜோன் மக்லாக்லினோடு சக்தி குழுவில் வாசித்த அதே ஷங்கர். அவருடைய தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். எங்கட பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரை இப்பவும் மரியாதையோடு சொல்வார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு அவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

செகோ அடெரால்டோ பிரேசிலின் செயாரா மாநிலத்தில் பெயர் பெற்ற கண் தெரியாத பாணர். மேடையில் நின்று எதிராளியோடு கவி பாடி மோதுகிறவர். அவர் பெயரிலான உருப்படியில் ஷங்கரின் வயலின் வழுக்கிக்கொண்டு போகும்போது, வடகிழக்குப் பிரேசிலின் நாட்டு வயலினும் எங்கள் வயலினும் ஒரே சபையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதே உருப்படி ‘ஃபோக் சாங்ஸ்’ பதிவில் ஹேடன், கர்பாரெக்கோடும் வருகிறது. இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

லயப்பித்தன்

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழைக்கு நன்றி சொல்ல வேண்டும். ஷங்கர் பிறகு கர்பாரெக்கோடும் ‘விஷன்’, ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ என்று பதிவுகள் செய்தார். ஈசிஎம் வட்டத்தில் இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒருவரோடு ஒருவர் வாசித்திருக்கிறார்கள்.

அடித்தந்தி

யாழ்ப்பாணத்துக் காது ஐயாவுக்கு என் நன்றியும். இப்போது லயப்பித்தனின் ‘ஃப்ரேவோ’ குற்றச்சாட்டுக்குப் பதில்.

‘சன்ஃபோனா’ வடிவம் அருமை, மறுக்கவில்லை. ‘சோலோ’ பதிவில் ஜிஸ்மொன்ட்டி அதைத் தனியாகப் பியானோவில் வாசித்ததும் உண்டு. மூன்றையும் கேட்டால் ஒரு விஷயம் தெரியும். தனியாக வாசிக்கும்போது அவருடைய இடது கை தாளத்தைச் சுமக்க வேண்டும். குழுவோடு வாசிக்கும்போது டிரம்ஸ் சுமக்கிறது. ஹேடனோடு வாசிக்கும்போது இடது கைக்கு விடுதலை கிடைக்கிறது, ஆனால் பின்னால் டிரம்ஸ் அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தச் சுதந்திரத்தில் அவர் தாளத்தோடு விளையாடுகிறார். முந்துகிறார், வேண்டுமென்றே பிந்துகிறார், வலது கையை உடைத்து இடது கையில் பதில் சொல்கிறார். அப்படி விளையாடுவதற்கு யாராவது ஒருவர் முதல் தட்டை ஆணி அடித்ததுபோல் வைத்துக் காட்ட வேண்டும். நீங்கள் பின்னால் இழுக்கிறார் என்கிற இடத்தில் ஹேடன் அதைத்தான் செய்கிறார். பிரேசில் பேஸ்காரர் இருந்திருந்தால் அவரும் துள்ளியிருப்பார். இருவரும் துள்ளினால் திருவிழா நன்றாக இருக்கும், ஆனால் ஜிஸ்மொன்ட்டியின் அந்த விளையாட்டு நமக்குக் கிடைத்திருக்காது.

இன்னும் ஒன்று. ஹேடனை ஜாஸ்காரர் என்று மட்டும் பார்ப்பதால் பிரேசிலுக்கு அந்நியராகத் தெரிகிறார். 1959இல் ஆர்னெட் கோல்மனின் ‘ராம்ப்ளின்’ பதிவில் அத்தனை புதுமைக்கு நடுவே தன் தனிவாசிப்பில் ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ என்ற கிராமத்துப் பாட்டைக் கொண்டு வந்தவர் அவர். ஜிஸ்மொன்ட்டியும் அப்படித்தான், பாரிஸ் படிப்பை முடித்துவிட்டு பிரேசிலின் ஷிங்கு காட்டுப் பழங்குடிகளிடம் போய்க் கேட்டு வந்தவர். இருவரும் தத்தம் ஊர்ப்பாட்டின் வழியாகத்தான் சந்திக்கிறார்கள். அதனால் ஒருவர் இன்னொருவராக மாற வேண்டிய தேவை இல்லை.

லயப்பித்தன்

ஆணி அடித்த முதல் தட்டு என்பதை ஏற்கிறேன். இன்று இரவு அந்தக் காதோடு மறுபடி கேட்டேன். ஜிஸ்மொன்ட்டி உடைத்து உடைத்துப் போகும் இடங்களில் பேஸ் அசையாமல் நிற்பது உண்மையில் நன்றாக இருக்கிறது. கடைசிப் பாய்ச்சலில் மட்டும் எனக்கு இன்னும் டிரம்ஸ் வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாணி

ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டேன். கிடார்தம்பி சொன்னது முழுக்க உண்மை, இது வேறு கச்சேரி! ‘ஃபர்ஸ்ட் சாங்’ என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. அது யார் எழுதியது? வேறு எங்கே கேட்கலாம்?

அடித்தந்தி

ஹேடன் தன் மனைவி ரூத்துக்காக எழுதியது வாணி. அவருடைய குவார்டெட் வெஸ்ட் குழு 1988இல் ‘இன் ஏஞ்சல் சிட்டி’யில் வாசித்தது. அதன்பிறகு சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் தன் கடைசிக் காலத்தில், 1991இல் கோபன்ஹேகனில், கென்னி பாரனின் பியானோவோடு வாசித்தது ‘பீப்பிள் டைம்’ பதிவில் இருக்கிறது. அதுவும் மேடையில் இருவர் மட்டும்தான். பாடகி ஆபி லிங்கன் அதற்கு வார்த்தை எழுதிப் பாடியும் இருக்கிறார். முதலில் கெட்ஸ் வாசித்ததைக் கேளுங்கள்.

பழைய ரெக்கார்டு

கெட்ஸ் பிரேசில் இசைக்கு 1960களில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். அதற்குத் தனி இழை நானே தொடங்குகிறேன். அதற்குள் லயப்பித்தன் ‘பீப்பிள் டைம்’ கேட்டு வைக்கட்டும், அதிலும் டிரம்ஸ் கிடையாது.